ஒரே ஒரு அலமாரிதான்: எந்தப் பொம்மைகளுக்கு இடம் தருவது?

வீட்டில் ஒரு அலமாரி காலியாக இருக்கிறது, மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியும், பொம்மை சேர்க்க ஆசை. எதைச் சேர்ப்பது? கடலூரிலும் புதுச்சேரியிலும் என்னிடம் இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சம்பாதிக்க ஆரம்பித்தவர்கள். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கல்யாண வயதில் பொம்மையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. பாட்டி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தஞ்சாவூர்த் தலையாட்டியும் மரப்பாச்சி ஜோடியும் வருஷக்கணக்கில் நின்றன. அவற்றை வாங்கி, துடைத்து, அங்கே நிறுத்தியவர்கள் பெரியவர்கள்தான்.

நம் பக்கத்தில் இன்று கைக்கு எட்டுகிற வழிகள் நான்கு. புதிதாக வரும், கைகால் அசையும் பிளாஸ்டிக் ஆக்‌ஷன் ஃபிகர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் பிளைண்ட் பாக்ஸ். நாம் சின்ன வயதில் வைத்திருந்த பழைய பொம்மைகள். வில்லியனூர், பண்ருட்டிப் பக்கத்து மண் பொம்மைகள். பிற்காலத்தில் விற்றால் என்ன கிடைக்கும் என்ற கணக்குக்குள் நான் போகவில்லை, அது வியாபாரம். நான் எல்லாவற்றிடமும் கேட்பது ஒரே கேள்வி: வேலை முடிந்து வந்த ஒரு சாயங்காலம், பயப்படாமல் அதைக் கையில் எடுக்க முடியுமா? பொம்மை சேர்ப்பதில் உள்ள சந்தோஷத்தில் முக்கால்வாசி அப்படி எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பதில்தான் இருக்கிறது. அதற்கு இடம் தராத பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் சீக்கிரம் கண்ணுக்குப் பழகிப்போய்விடும்.

புதிய ஃபிகர்களில் தொடங்கலாம், ஆசை முதலில் போவது அங்கேதான். 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஏறக்குறைய 12 அங்குல உயரத்தில் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் பொம்மையைக் கொண்டுவந்தது. 1978-இல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பாத்திரங்களை 3¾ அங்குலத்துக்குச் சுருக்கியது. பொம்மை அந்த அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான், அது ஏறி உட்காரும் விண்கலத்தையும் கட்டுப்படியாகிற விலையில் செய்ய முடியும். இன்று கடைகளில் அதிகம் தெரிவது 6 அங்குல அளவு, ஏறக்குறைய நிஜ மனிதனில் 12-இல் ஒரு பங்கு. 2002-இல் மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசை வந்த பிறகு இந்த அளவுப் பொம்மைகளுக்கு மூட்டுகள் பெருகிவிட்டன. முழங்கை இரண்டாக மடங்கும், கணுக்கால் பக்கவாட்டில் சாயும், ஸ்பைடர்மேனை அலமாரி விளிம்பில் குந்த வைத்தால் நிஜமாகவே பாயப்போகிறவன் போல இருப்பான்.

அன்றாடச் சந்தோஷத்தில் இந்த வகை நன்றாகவே தேறும். காலையில் காபி ஆறுகிற நேரத்தில் ஒரு கையை உயர்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். சாயங்காலம் திரும்பி வந்தால், வீட்டில் யாரோ அந்தக் கையில் ஒரு ஊதுபத்திக் குச்சியை வேல் மாதிரி செருகியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. பொம்மையைப் பற்றி அம்மா வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. குச்சி மட்டும் இருக்கும். மறுநாள் நான் வேறு மாதிரி நிறுத்துவேன், அதற்கும் பதில் வரும். மூட்டில்லாத பொம்மையிடம் இப்படி ஒரு பேச்சு நடக்காது.

போட்டோ எடுக்கிற ஆசை இருந்தாலும் இந்த அளவுதான் தோது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இரவு முழுக்க வண்டி விடுவதில்லை. காலை ஏழரை மணிவரை நிம்மதியாகக் குனிந்து உட்காரலாம். கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு நடுவே 6 அங்குல ஆளை நிறுத்தி, போனைக் கல்லோடு கல்லாகத் தாழ்த்திப் பிடித்தால் இடுப்பளவு பாறை மலையாகிவிடும். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும் கரை என்பதால் அந்த நேரத்து வெளிச்சம் பொம்மையின் முகத்தில் நேராக விழும். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள். அநேகமாக எல்லோரும் தங்கள் பேரனிடம் இருக்கும் ஒரு பொம்மையைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள்.

சிக்கல் விலையிலும் வெயிலிலும் இருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் தரமுத்திரையும் கட்டாயம். உள்ளூர்த் தொழிலுக்கு அது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்க்காரருக்கு ஒரு நல்ல வெளிநாட்டு ஃபிகர் இரண்டு, மூன்று மாதக் காசு. அடுத்தது, பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக நாளாக வெளியே கசியும். வெயில் அதிகமானால் கசிவும் அதிகம். கைபட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிற பழைய ஃபிகரை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அது அழுக்கு இல்லை, இந்தக் கசிவுதான். மிதமான சுடுநீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு மெதுவாகக் கழுவி, நிழலில் காற்றாட வைத்தால் போகும். சித்திரை வெயிலில் கால் வளைந்து பொம்மை சாய்ந்தால், வளைந்த காலைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் நிற்கும்.

பெட்டியைப் பிரிக்காமல் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் ஊரில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காற்றுப் போகாத பெட்டிக்குள் கசிந்தது அங்கேயே தங்கிப் பொம்மை மேலேயே படியும். அதைவிடப் பெரிய காரணம் நான் மேலே சொன்ன கேள்விதான். பெட்டிக்குள் இருப்பதை யாரும் கையில் எடுப்பதில்லை, யாரும் அதற்கு வேல் கொடுப்பதும் இல்லை.

பிளைண்ட் பாக்ஸைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். ஜப்பானில் பாண்டாய் நிறுவனம் 1977-இலேயே காசு போட்டுத் திருகினால் உருண்டை விழும் கஷபான் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது லபுபு. ஹாங்காங்கில் பிறந்த காசிங் லுங் என்ற ஓவியர் 2015-இல் படைத்த பாத்திரம் அது. சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் 2019-இலிருந்து பொம்மையாக விற்கிறது, 2024-இல் கொரியாவின் பிளாக்பிங்க் குழுவில் பாடும் தாய்லாந்துக்காரி லிசாவின் பையில் தொங்கிய பிறகு உலகமே தேட ஆரம்பித்தது. பெட்டியைக் கிழிக்கும் அந்த அரை நிமிஷம் நிஜமான சந்தோஷம்தான், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கிழித்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு உருவம் உள்ள வரிசையில் தனித்தனியாகப் பெட்டி வாங்கி ஆறையும் சேர்க்க, சராசரியாக ஏறக்குறைய 15 பெட்டி வாங்க வேண்டியிருக்கும். மீதி ஒன்பதும் திரும்ப வந்தவை. அபூர்வமாக மட்டும் போடும் ரகசிய உருவம் வேண்டுமென்றால் சில வரிசைகளில் வாய்ப்பு 72-இல் ஒன்று. போலிகளும் ஏராளம். ஆயிரம் ரூபாய் பட்ஜெட்டுக்கு இது ஒத்துவராது. அந்த ஆச்சரியம் வேண்டுமென்றால் அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கிண்டர் ஜாயைப் பிரியுங்கள். உள்ளே வருவதைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும், நாலு நாள் கழித்து அது சோபா இடுக்கிலிருந்து உங்களுக்கே கிடைக்கும்.

பழைய பொம்மைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு இது வெளிநாட்டுச் சமாச்சாரமே இல்லை. எம்.ஆர்.எஃப். குழுமம் 1987-இல் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல், பிற்பாடு 3¾ அங்குலத்துக்குச் சுருங்கிய ஜி.ஐ. ஜோக்களை இந்தியாவிலேயே வார்த்து விற்றது. அச்சு அமெரிக்காவுடையது, வண்ணம் பல சமயம் இங்கே தீட்டியது. அங்கே பச்சைச் சட்டை போட்டவன் இங்கே மஞ்சளில் வந்திருப்பான். அந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்திய ஜோக்களைத் தேடுகிறார்கள். ஹீ-மேன் என்ற கார்ட்டூன் வீரனின் வரிசையை இங்கே லியோ மேட்டல் விற்றது. அதை வாங்கித் தரச் சொல்லிக் கடை வாசலில் அழுதவர்கள் இன்று நாற்பதைத் தொட்டவர்கள்.

இந்த வழியில் போகிறவர் முதலில் போக வேண்டிய இடம் சொந்த வீட்டுப் பரண். அம்மா எதையும் தூக்கிப் போட்டிருக்கமாட்டார். பித்தளைப் பாத்திரத்துக்குப் பின்னால், பழைய பாடப் புத்தகத்தோடு கட்டி வைத்திருப்பார். அதில் இல்லையென்றால் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிற்றுக்கிழமை போடும் சண்டே மார்க்கெட். பெரும்பாலும் துணிதான், ஊடே பழைய சாமான் விரித்திருப்பவர்களிடம் உட்கார்ந்து கிளற வேண்டும். தேடிப் போனது கிடைக்காது. தேடாத ஒன்று கிடைக்கும். ஒரு கை இல்லாத வீரன், முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் ‘செ’ என்று ஒற்றை எழுத்து, கட்டை விரலில் பல் பதிந்த தடம். யாரோ ஒரு பையன் அதை எவ்வளவு நேசித்திருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த எழுத்தை நான் அழிப்பதில்லை. சுத்தம் செய்யும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன். புத்தம்புது ஃபிகர் எதிலும் இது கிடைக்காது.

இன்னொரு சந்தோஷம், இவற்றைப் பழுது பார்க்கலாம். 3¾ அங்குல ஜி.ஐ. ஜோவின் முதுகில் ஒரே ஒரு திருகுதான். அதைக் கழற்றினால் மார்பையும் காலையும் இழுத்துப் பிடித்திருக்கும் சின்ன ரப்பர் வளையம் தெரியும். வருஷமானால் அது இற்றுப்போய், வீரன் இடுப்போடு இரண்டாகிவிடுவான். கிடைக்கும் பழைய ஜோக்களில் நிறைய இப்படித்தான் வரும், அதனால்தான் மலிவாகவும் வரும். ஹார்டுவேர் கடையிலும் மெக்கானிக் கடையிலும் ஓ-ரிங் என்று கேட்டால் சரியான அளவு கிடைத்துவிடும், விலை சில ரூபாய். கொக்கியில் மாட்டி, திருகை இறுக்கி, காலை ஆட்டிப் பார்த்து, அது தானாக எழுந்து நின்றதும் வருகிற திருப்திக்காகவே உடைந்த பொம்மை வாங்குகிறவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். கடல்காற்றில் திருகு துருப்பிடித்திருக்கும், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தலை மழுங்கிய திருகு கழலாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பழைய பெயின்ட் பூசிய பொம்மை எதுவும் அதன் வாய்க்கு எட்டக்கூடாது, பழைய வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு.

நம் கடற்கரையில் இந்த வழிக்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 மழை வெள்ளம் என்று ஒவ்வொன்றிலும் வீட்டுச் சாமானோடு பொம்மைப் பெட்டிகளும் போயின. அன்றைக்கு யாரும் பொம்மை போனதைச் சொல்லி அழவில்லை, அழ முடிகிற நிலைமையும் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், பையனாக இருந்தபோது தன்னிடம் இருந்த பொம்மைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி வாங்குகிறார். அதே வண்ணம், அதே துப்பாக்கி. புதிதாக ஒன்றும் வேண்டாம் என்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் பொம்மைகளின் பெயர் எல்லாம் தெரியும், அவரோடு சேர்ந்து வரிசையை மாற்றி அடுக்குகிறார்கள். சேகரிப்பு என்பதற்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மண் பொம்மைக்கு வருவோம். புதுச்சேரிக்கு மேற்கே விழுப்புரம் சாலையில் வில்லியனூர். அங்கே செய்யும் சுடுமண் உருவங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஊர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புதுச்சேரிப் பகுதியிலேயே உள்ள திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. கடலூர்ப் பக்கம் பண்ருட்டி. வெளியூர்க்காரர்களுக்குப் பலாவும் முந்திரியும், கொலு வைக்கிற வீடுகளுக்குப் பொம்மை. இரண்டு பாதி அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அதன் மேல் வண்ணம். கண் எழுதுவது கடைசியில். அந்த வேலை நடக்கும் இடத்துக்கே போய், எழுதியவரிடமிருந்தே வாங்கலாம் என்பது மற்ற மூன்று வழிகளுக்கும் இல்லாத வசதி. கூட்டம் இல்லாத நாளில் போனால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் இல்லை. எதிர்வீட்டு மாமி வைப்பார். சுண்டலுக்குப் போய்ப் பொம்மையில் லயித்தவன் நான். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்று அவர் வைத்திருந்த வழக்கம்தான் எனக்குத் தெரிந்த முதல் சேகரிப்பு. மேல்படிகளில் சாமி, நடுவில் கல்யாண செட்டும் கடை போட்ட செட்டியார் தம்பதியும். கடைசிப் படிக்குக் கீழே தரையில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க விட்டு ஒரு பார்க். அந்தப் பார்க் முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்யம். பிளாஸ்டிக் யானை, கிரிக்கெட் செட், சாவி கொடுக்கும் கார், ஓரமாக என்னுடைய ஜி.ஐ. ஜோ ஒருவன் காவலுக்கு. மண் பொம்மையா பிளாஸ்டிக்கா என்று ஒன்றை ஒன்று விலக்க வேண்டியதில்லை என்பதை அந்தத் தரையிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் கேள்விக்கு மண் பொம்மை முழுப் பதில் சொல்லாது. வண்ணம் தீட்டிய கொலு பொம்மையைத் தினமும் எடுத்தால் மூக்கு நுனியும் விரலும் முதலில் உதிரும். அதன் சந்தோஷம் வருஷத்துக்கு ஒரு முறை. பழைய வேட்டித் துணியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது, எந்த வருஷம் யார் வாங்கித் தந்தது என்று வீடே பேசும். காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு, விழுந்தாலும் தாங்கும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் பிடிக்கும்; காய்ந்த வேப்பிலை போட்டு மூட வேண்டும். வண்ணம் பூசாத வில்லியனூர்ச் சுடுமண் இந்தக் குறைகளுக்குத் தப்பிவிடுகிறது. துருப்பிடிக்க இரும்பு இல்லை, கசிய எண்ணெய் இல்லை. உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்தால் நல்ல தண்ணீரில் ஊற வைத்து உலர்த்தினால் போதும். குதிரையோ யானையோ உள்ளங்கை அளவில் ஒன்று வாங்கி மேஜையில் வைத்தால், எழுதும்போது கை தானாக அதன் முதுகுக்குப் போகும்.

ஆயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது? என் தீர்ப்பு பழைய பொம்மைகள் பக்கம். அலமாரியில் பாதிக்கு மேல் அவற்றுக்குக் கொடுங்கள், மாதாமாதம் செலவழிக்கக்கூட வேண்டியிருக்காது. மீந்த காசைச் சேர்த்து வைத்து, பிறந்தநாளுக்கோ போனஸ் வந்தபோதோ உண்மையிலேயே மனசுக்குப் பிடித்த ஒரு புது ஃபிகர்; அன்றைக்கே பெட்டியைப் பிரித்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு மண் பொம்மை. கொலு வைக்கிற வீடாக இருந்தால் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றலாம், மண் பொம்மைக்கு முதலிடம், ஃபிகர்கள் பார்க்கில் நிற்கட்டும். அடிக்கடி வீடு மாற்றும் வாடகைக்காரர்களுக்குச் சின்ன ஜோக்கள்தான் வசதி. ஒரு செருப்புப் பெட்டியில் ஒரு படையே அடங்கிவிடும். இரண்டு வயதுக் குழந்தை ஓடுகிற வீட்டில் இப்போதைக்குப் பெரிய சுடுமண் குதிரை மட்டும், அதுவும் எட்டாத உயரத்தில்.

அலமாரி எங்கே என்பதும் முடிவில் சேர்ந்ததுதான். ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். கீழ்த்தட்டில் எதையும் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது, தண்ணீர் வராத தெரு என்று நினைத்த தெருக்களுக்கும் வந்தது. முட்டிக்கு மேலே, கண்ணுக்குக் கீழே இருக்கும் தட்டுதான் சரி. குழந்தையும் பாட்டியும் ஆளுக்கொரு பக்கம் நின்று எட்டி எடுக்கலாம்.

பண்ருட்டிக்குப் போவதானால் ஆவணியிலேயே போய்விடுங்கள். புரட்டாசி பிறந்தால் கொலு வியாபாரிகள் கூட்டம் வந்துவிடும், கண் எழுதுகிறவரோடு நின்று பேச நேரம் கிடைக்காது. வில்லியனூருக்கு எந்த மாதமும் போகலாம். இரண்டு இடத்திலும் வரிசையில் முன்னால் இருப்பதை எடுத்துக் கொடுக்கச் சொல்லாமல், முகம் பார்த்து நீங்களே பொறுக்குங்கள். ஒரே அச்சில் வந்த இருபது பொம்மையிலும் பார்வை வேறு வேறாக இருக்கும்.